கையடக்கத் தொலைபேசியும் செய்திக் காப்பும்

மறைவாகக் கூறவேண்டிய செய்தி மனிதர்க்கு எக்காலத்தும் உண்டு. அரசர்க்குப் போர்ச் செய்தியும், வணிகர்க்கு விலைச் செய்தியும், குடும்பத்தார்க்குக் கடன், நோய், கலியாணம் என்பன பற்றிய செய்திகளும் பிறர் செவிக்கு எட்டாமற் சென்று சேரவேண்டியவையாக இருந்தன. ஒற்றர் கையாளும் மறையெழுத்தை அர்த்தசாத்திரம் குறிப்பிடுகின்றது. திருவள்ளுவர் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆகவே செய்தியைக் காக்கும் கலை புதிதன்று. புதிதாக வந்தது செய்தி செல்லும் வழியே ஆகும்.

இன்று பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி-எல, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களில் கையடக்கத் தொலைபேசி புகாத லயத்தைக் காண்டல் அரிது. கொழும்பிலும் கட்டுநாயக்காவிலும் தொழில் புரியும் பிள்ளைகளும், மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுப்பணிக்குச் சென்ற தாய்மாரும் அதன்வழியே குடும்பத்தோடு பேசுகின்றனர்; பணம் அனுப்புகின்றனர்; அடையாள அட்டையின் படத்தையும் வங்கிப் புத்தகத்தின் படத்தையும் கேட்டுப் பெறுகின்றனர். கம்பியின்றிக் காற்றில் ஏறிச் செல்லும் இச்செய்திகளைக் காப்பது யாது? அக்காவல் எவ்வளவு வலியது? அஃது எவ்விடத்தில் முடிவடைகின்றது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடிதம் சென்ற வழி

தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டு, செய்தி மறைவு என்பது தொழிலாளர்க்கு எளிதிற் கிட்டாத பொருளாகவே இருந்தது. தமிழகத்துக் கிராமத்திலிருந்து வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்தை அடைந்து, அங்கிருந்து லயத்தை அடையும். எழுத்தறியாதார் அதனைக் கணக்கப்பிள்ளையிடமோ, கடைக்காரரிடமோ, பள்ளிக்கூடத்து வாத்தியாரிடமோ கொண்டு சென்று படிப்பிப்பர். மறுமொழியும் அவர் கையாலேயே எழுதப்படும். உறை ஒட்டப்பட்டிருந்தது, தபாற் சட்டமும் காவல் புரிந்தது. ஆயினும் வீட்டுக் கடனின் தொகையும், பெண்ணின் கலியாணப் பேச்சும், நோயின் பெயரும் படித்துக் கொடுத்தவர்க்குத் தெரிந்தனவாயின. அவர் நல்லவராயின் தீங்கில்லை. அல்லராயின் அக்குடும்பம் அவர் கையிலே அகப்பட்டதாகும். வழியிற் காவல் இருந்தும் முனையிற் காவல் இல்லாத இந்நிலையை வாசகர் நினைவிற் கொள்வாராக. இன்றைய கைபேசியிலும் இதனையே மீண்டும் காண்போம்.

இன்று செய்தி செல்லும் வழி

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு தாயும், கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவர் மகளும் உளர் எனக் கொள்வோம். தாய் தமது வங்கிக் கணக்கு இலக்கத்தையும் அடையாள அட்டையின் படத்தையும் மகளுக்கு அனுப்புகின்றார். அச்செய்தி ஒரு கைபேசியிலிருந்து மற்றைக் கைபேசிக்கு நேரே பறந்து செல்வதில்லை. முதலில் அது மின்காந்த அலையாகி, மலைமேல் நிற்கும் அலைக்கோபுரத்தை அடையும். அங்கிருந்து நுண்ணலை வழியாகவோ ஒளியிழை வழியாகவோ தொலைபேசி நிறுவனத்தின் நிலையத்துக்குச் செல்லும். வாட்ஸ்அப் போன்ற செயலி ஒன்றன்வழி அனுப்பப்படின், அச்செயலியை நடத்தும் நிறுவனத்தின் கணினியை, அது கடல் கடந்த நாட்டில் இருப்பினும், அடைந்து மீளும். பின்னர் கட்டுநாயக்காவிலுள்ள கோபுரம், மீண்டும் காற்று, இறுதியில் மகளின் கைபேசி என்ற ஒழுங்கில் அதன் பயணம் முடியும்.

ஆகவே காவல் வேண்டிய இடங்கள் மூன்று. முதலாவது காற்றுவழி, இரண்டாவது இடைப்பட்ட நிலையங்கள், மூன்றாவது இரு முனைகளிலும் உள்ள கைபேசிகளும் அவற்றைக் கையாளும் மனிதரும். இம்மூன்றையும் முறையே ஆராய்வாம்.

காற்று எவர்க்கும் பொது

கம்பிவழிச் செய்தியைக் கேட்க விரும்புவோன் கம்பியைத் தேடிச் செல்லவேண்டும். கம்பியில்லாச் செய்தியோ கேட்போனைத் தானே தேடி வருகின்றது. கைபேசி விடும் அலை கோபுரத்தை நோக்கி மட்டும் செல்லாது; நாற்புறமும் பரவும். தக்க கருவியுடன் அவ்வெல்லைக்குள் இருக்கும் எவரும் அதனைப் பெறலாம்.

இவ்வுண்மையை உலகம் மிக முன்னரே கண்டது. 1903 ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டன் ரோயல் இன்ஸ்ரிரியூஷனில் பேராசிரியர் பிளெமிங் மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியைச் சபையோர்க்குக் காட்டவிருந்தார். ஒரே அலைநீளத்துக்கு இசைவித்த கருவிகளன்றிப் பிற கருவிகள் அதில் தலையிட இயலா என மார்க்கோனி தரப்பினர் கூறிவந்தனர். ஆனால் உரிய செய்தி வருவதற்கு முன்னரே நெவில் மாஸ்கெலின் என்னும் செப்படிவித்தைக்காரர் அயலிலிருந்து தமது கருவியால் அலைகளை விடுத்து, அச்சபையின் கருவியிலே ஏளனச் சொற்கள் பதியுமாறு செய்தார். அலைநீளத்தை இசைவித்தல் வேறு, செய்தியைக் காத்தல் வேறு என்பது அன்று வெளிப்பட்டது.

இலங்கையும் இதற்குச் சான்றாய் நின்றதுண்டு. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் சிங்கப்பூரை விட்டு நீங்கிய பிரித்தானிய மறைகுறி ஆய்வாளர் 1942 இல் கொழும்பிலே பெம்புரோக் கல்லூரிக் கட்டடத்தில் தம் பணியை நடத்தினர். யப்பானியக் கடற்படை ஆகாயத்தில் விட்ட செய்திகளைக் கேட்டு, அவற்றின் மறைகுறியை ஓரளவு விடுவித்து, இலங்கைமீது தாக்குதல் வரவிருப்பதை அவர்கள் முன்னறிந்தனர். ஏப்பிரல் 5 ஆம் நாள் கொழும்பும், 9 ஆம் நாள் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. கடலின்கண் மறைந்து வந்த கப்பற்படையின் திட்டத்தை அதன் சொந்த அலைகளே காட்டிக் கொடுத்தன.

இவற்றால் அறியப்படுவது யாது? காற்றைப் பூட்டுதல் எவராலும் இயலாது. செய்தியையே பூட்டி அனுப்புதல் வேண்டும். அவ்வாறு பூட்டுதலே மறைகுறியாக்கம் எனப்படும்.

பூட்டும் திறவுகோலும்

மறைகுறியாக்கத்தின் அடிப்படை விதியொன்றை 1883 இல் ஒகஸ்ற் கெர்க்கோவ்ஸ் என்னும் அறிஞர் வகுத்தார். பூட்டின் அமைப்புப் பகைவன் கையிற் சிக்கினும் தீங்கு நேரலாகாது; திறவுகோல் ஒன்றே மறைவாக இருத்தல் போதியதாதல் வேண்டும் என்பது அதன் கருத்து. கடைத்தெருவில் ஒரேவகைப் பூட்டு ஆயிரம் விற்கப்படினும் ஒருவர் வீட்டுத் திறவுகோலால் அடுத்த வீடு திறவாமை போல இதனைக் கொள்க.

இவ்விதியைக் கைக்கொள்ளாமையால் நேர்ந்த இழுக்கிற்கு இரண்டாம் தலைமுறைக் கைபேசி முறையே தக்க உதாரணமாகும். ஜீ.எஸ்.எம். எனப்படும் அம்முறையில் காற்றுவழிப் பேச்சைக் காக்க ஏ-5/1 என்னும் மறைகுறி 1980 களின் பிற்பகுதியில் அமைக்கப்பட்டது. அதன் அமைப்பை வெளியிடாது மறைத்து வைத்தனர். மறைப்பு நீடிக்கவில்லை. 1999 அளவில் அதன் முழு அமைப்பும் வெளிப்பட்டது. 2000 இல் பிரியுகோவ், ஷமீர், வாக்னர் ஆகிய மூவரும் சாதாரண மேசைக் கணினியாலேயே அதனை உடைக்கும் வழியைக் காட்டினர். 2009 இல் கார்ஸ்டன் நோல் என்பவரும் அவர் கூட்டத்தாரும் அதனை உடைப்பதற்கு உதவும் பெரிய அட்டவணைகளை எவரும் பெறுமாறு வெளியிட்டனர்.

இதற்கு மாறான வழியிற் பிறந்தது ஏ.ஈ.எஸ். என்னும் மறைகுறி. அமெரிக்க அரசின் தர நிறுவனம் 1997 இல் உலக அறிஞரை வெளிப்படையாக அழைத்தது. 15 அமைப்புகள் போட்டிக்கு வந்தன. யாவரும் யாவற்றையும் உடைக்க முயன்றனர். இறுதியிற் பெல்ஜிய அறிஞராகிய டேமன், ரைமன் இருவரின் அமைப்புத் தெரிவுசெய்யப்பட்டு 2001 இல் தரமாக வெளியிடப்பட்டது. அதன் அமைப்பை எவரும் நூலிற் படிக்கலாம். ஆயினும் திறவுகோலின்றிச் செய்தியைப் படித்தல் இன்றுவரை நடைமுறையில் இயலவில்லை.

அதன் திறவுகோல் ஆகக் குறைந்தது 128 இரும இலக்கங்களைக் கொண்டது. அமையக்கூடிய திறவுகோல்களின் தொகை 128 இரண்டுகளைத் தம்முட் பெருக்கி வரும் எண்ணாகும்; எழுதினால் 39 இலக்கங்கள் வரும். விநாடிக்கு ஒரு இலட்சம் கோடி திறவுகோல்களைச் சோதிக்கும் யந்திரம் ஒன்றை அமைப்பினும், பிரபஞ்சத்தின் வயதாகிய ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டும் அதற்குப் போதாது. இதற்கு மாறாக, கைபேசியைத் திறக்க நாம் இடும் நான்கு இலக்க எண்ணோ 10,000 வகையிலேயே அமையும். பிறந்த ஆண்டை அதற்கு இடுவோர் அதனையும் சில பத்துகளாகச் சுருக்கி விடுகின்றனர்.

மறைத்தல் மட்டும் போதாது. மாற்றத்தைக் கண்டறிதலும் வேண்டும். வழியில் ஒருவன் கணக்கிலக்கத்தின் ஓர் இலக்கத்தை மாற்றிவிடின், படிக்காமலேயே பணத்தைத் திசைதிருப்பியவனாவான். ஆதலால் இக்கால முறைகள் செய்தியோடு ஒரு முத்திரை எண்ணையும் கணித்து அனுப்புகின்றன. செய்தியில் ஓரெழுத்து மாறினும் முத்திரை பொருந்தாது. பெறும் கைபேசி அதனைத் தள்ளிவிடும்.

கோபுரமும் கைபேசியும்

தாயின் கைபேசியிலுள்ள சிம் அட்டை வெறும் இலக்கச் சீட்டன்று. அதனுள் ஓர் இரகசியத் திறவுகோல் பதிக்கப்பட்டுள்ளது. அதே திறவுகோல் தொலைபேசி நிறுவனத்தின் நிலையத்திலும் உண்டு. இவ்விரண்டிடமன்றி வேறெங்கும் அது செல்வதில்லை; காற்றிலும் ஏறுவதில்லை. நிலையம் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பி வினாவும். சிம் அட்டை அவ்வெண்ணையும் தன் இரகசியத்தையும் சேர்த்துக் கணித்து விடையை மட்டும் அனுப்பும். விடை பொருந்தின் கைபேசி ஏற்றுக்கொள்ளப்படும். அக்கணிப்பினின்றே அன்றைய உரையாடலுக்குரிய தற்காலிகத் திறவுகோலும் பிறக்கும்.

இரண்டாம் தலைமுறையில் இச்சோதனை ஒருபக்கமாகவே நடந்தது. கோபுரம் கைபேசியைச் சோதித்தது. கைபேசி கோபுரத்தைச் சோதிக்கவில்லை. ஆகவே போலிக் கோபுரம் ஒன்றை அமைத்தவன் அயலிலுள்ள கைபேசிகளைத் தன்பால் ஈர்த்து, மறைகுறியை நிறுத்துமாறு பணிக்கவும் கூடியதாயிற்று. மூன்றாம் தலைமுறையில் இருவரும் ஒருவரையொருவர் சோதிக்கும் முறை வந்தது. நான்காம் தலைமுறையில் ஏ.ஈ.எஸ். போன்ற வலிய மறைகுறிகள் வந்தன. ஐந்தாம் தலைமுறையில் கைபேசி தன் நிரந்தர அடையாள எண்ணைத் தானும் மறைத்து அனுப்பும் ஏற்பாடு உண்டு.

ஈண்டு மலைநாட்டுக்கே உரிய சங்கடம் ஒன்றுளது. ஒன்பது சிகரங்கள் எனப் பெயர்ப்பொருள் தரும் நமுனுகுலையும் அதன் அயல் மலைகளும் அலைகளை மறிக்கின்றன. புதிய தலைமுறை அலை எட்டாத பள்ளத்தாக்கிலே கைபேசி தானே பழைய தலைமுறைக்கு இறங்கக்கூடும். சில கைபேசிகளில் இரண்டாம் தலைமுறைத் தொடர்பை நிறுத்திவைக்கும் வசதி உண்டு. நகரத்தார்க்கு அது நல்ல காவல். ஆனால் 2014 ஒக்ரோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதைக் கண்ட மாவட்டம் இது. மழைக்கால இரவில் வீட்டாரின் அழைப்பு எட்டாமற் போதல் இங்குச் சிறு பொருளன்று. ஆகவே அவ்வசதியை இடமறிந்தே கையாளல் வேண்டும். கோபுரத்தை நம்பாது, செய்தியைத் தன்னளவிற் பூட்டி அனுப்புவதே இங்கு மேலான வழியாகும்.

காணாதவரோடு திறவுகோல் பகிர்தல்

சாதாரணக் குறுஞ்செய்தியும் தொலைபேசிப் பேச்சும் காற்றுவழியில் மட்டுமே பூட்டப்படுகின்றன. நிலையத்தை அடைந்ததும் பூட்டுத் திறக்கப்படும். அங்கு அவற்றைக் காணக்கூடியோர் உளர். இடைவழி நிலையம் எதுவும் காணாதவாறு தாயும் மகளும் தமக்குள் ஒரு திறவுகோலை வைத்துக்கொள்ள வேண்டுமெனின், அத்திறவுகோலை எவ்வாறு பகிர்வது? காற்றில் அனுப்பினால் கேட்போன் அதனையும் பெறுவானே? இவ்விடர்ப்பாட்டிற்கு 1976 இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் வியத்தகு வழி ஒன்றை வெளியிட்டனர். சிறிய எண்களால் அதனை விளக்குவாம்.

29, 2 என்னும் இரு எண்கள் யாவரும் அறிந்தவை எனக் கொள்க. தாயின் கைபேசி 5 என்னும் எண்ணைத் தனக்குள் மறைவாகத் தெரிகின்றது. ஐந்து இரண்டுகளின் பெருக்கம் 32. அதனை 29 ஆல் வகுக்க மீதி 3. இந்த 3 ஐ வெளிப்படையாக அனுப்புகின்றது. மகளின் கைபேசி 9 என்னும் எண்ணை மறைவாகத் தெரிகின்றது. ஒன்பது இரண்டுகளின் பெருக்கம் 512. 29 ஆல் வகுக்க மீதி 19. இந்த 19 ஐ வெளிப்படையாக அனுப்புகின்றது. இப்போது மகளின் கைபேசி தான் பெற்ற 3 ஐ ஒன்பது முறை தம்முட் பெருக்க 19,683 வரும்; 29 ஆல் வகுக்க மீதி 21. தாயின் கைபேசி தான் பெற்ற 19 ஐ ஐந்து முறை தம்முட் பெருக்க 2,476,099 வரும். 29 ஆல் வகுக்க மீதி அதே 21. இருவர்க்கும் 21 என்னும் பொதுத் திறவுகோல் கிடைத்தது. அது காற்றில் ஏறவேயில்லை. இடையிற் கேட்டவன் 29, 2, 3, 19 ஆகியவற்றையே அறிவான்.

இச்சிறு எண்களை மாணவர் எவரும் காகிதத்தில் உடைத்துவிடலாம். உண்மையிற் கையாளப்படும் எண்கள் மிகப் பெரியவை. முன்னோக்கிக் கணித்தல் கணப்பொழுதில் முடியும். பின்னோக்கி மறை எண்ணைக் கண்டறிதல் இன்றைய கணினிகளுக்கு இயலாது. குவாண்டக் கணினி போதிய வலிமை பெறின் இவ்வகைக் கணக்கை உடைக்கலாம் என 1994 இல் பீற்றர் ஷோர் காட்டினார். அதற்கும் ஈடுகொடுக்கும் புதிய முறைகளை 2024 ஓகஸ்ட்டில் அமெரிக்கத் தர நிறுவனம் தரமாக வெளியிட்டது.

முனையிலிருந்து முனைவரை

கைபேசியிற் பூட்டிக் கைபேசியிலேயே திறக்கும் இம்முறை முனைக்கு முனை மறைகுறியாக்கம் எனப்படும். சிக்னல் என்னும் செயலி இதிற் சிறந்து விளங்கியது. அதன் முறையைப் பின்பற்றி வாட்ஸ்அப்பும் 2016 இல் தன் பயனாளர் யாவர்க்கும் இக்காவலை அளித்தது. நடுவிலுள்ள கணினி பூட்டிய பெட்டியைச் சுமக்குமேயன்றித் திறக்க அறியாது. ஆயினும் யார் யாருக்கு எப்பொழுது அனுப்பினார் என்பதை நடுவர் அறியக்கூடும். உறையின் உள்ளே உள்ளது மறைந்தாலும் மேல்விலாசம் மறைவதில்லை.

இன்னும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. திறவுகோல் பகிர்ந்தது மகளுடன்தானா? அன்றி, நடுவில் நின்ற ஒருவன் தாயிடம் மகளாகவும் மகளிடம் தாயாகவும் நடித்து இரு திறவுகோல்களைப் பெற்றானா? ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றன்வழி ஒப்புநோக்கித் தெளியவேண்டும் என வள்ளுவர் வகுத்த முறையே இதற்கும் மருந்தாகும். வாட்ஸ்அப்பில் ஒவ்வோர் உறவுக்கும் 60 இலக்கங்கொண்ட ஒரு பாதுகாப்பு எண் உண்டு. தீபாவளிக்கு மகள் ஊர் வரும்போது இரு கைபேசிகளிலும் உள்ள எண்ணை ஒருமுறை ஒப்பிட்டால் ஐயம் நீங்கும்.

அருகிருக்கும் கைபேசிகள்

பதுளை நகரக் கடையிலோ, பேருந்திலோ, வகுப்பறையிலோ அருகருகே இருப்போர் கோபுரத்தின் துணையின்றியே புளூடூத்தாலும் வைஃபையாலும் படங்களையும் பத்திரங்களையும் பரிமாறுகின்றனர். தூரம் சிறிதாதலால் அபாயமில்லை எனப் பலர் எண்ணுவர். புளூடூத் தன் அலைவரிசையை விநாடிக்கு 1,600 தடவை மாற்றிக்கொள்கின்றது. ஆனால் அது பிற அலைகளின் இடையூற்றைத் தவிர்க்கும் உபாயமேயன்றிக் காவலன்று. காவல் இங்கும் திறவுகோலிலேயே உண்டு. இரு கைபேசிகள் இணையும்போது இரு திரைகளிலும் 6 இலக்கம் தோன்றும். இரண்டும் ஒன்றெனக் கண்டபின்னரே சம்மதித்தல் வேண்டும். காணாமலே சம்மதித்தல், வந்தவர் யாரெனக் கேளாமற் கதவைத் திறத்தலை ஒக்கும்.

2019 இல் ஆராய்ச்சியாளர் சிலர் புளூடூத் இணைப்பின் திறவுகோலை மிகச் சிறியதாக்குமாறு இரு கருவிகளையும் ஏமாற்றலாம் எனக் காட்டினர். வைஃபையின் முதற் காவலாகிய வெப் என்பது 2001 இலேயே உடைக்கப்பட்டது; 2004 இல் வந்த அடுத்த காவலிலும் 2017 இல் ஒரு பிழை காணப்பட்டது. இவை அறிவிக்கப்பட்டவுடன் கைபேசி நிறுவனங்கள் திருத்தங்களை வெளியிட்டன. திருத்தத்தை ஏற்றுக்கொண்ட கைபேசி காக்கப்பட்டது, ஏற்காதது காக்கப்படவில்லை. பழைய கைபேசியைப் பலர் கைமாறிப் பயன்படுத்தும் இடங்களில் இவ்வுண்மை கருதத்தக்கது.

திறவுகோல் மனிதர் கையில்

இதுகாறும் கூறியவற்றால் காற்றுவழியும் இடைவழியும் பெரிதும் காக்கப்பட்டமை விளங்கும். ஆகவே கள்வன் பூட்டை உடைக்க வருவதில்லை; திறவுகோலைக் கேட்டுப் பெற வருகின்றான்.

வங்கி பணம் செலுத்துமுன் ஒருமுறைக்குரிய எண் ஒன்றைக் கைபேசிக்கு அனுப்புகின்றது. இதன் இயல்பை விளக்க நம் புகையிரதப் பாதையே போதும். 1924 இல் பதுளையை எட்டிய மலைநாட்டுப் பாதையில், ஒற்றைத் தண்டவாளத்தில் இரு வண்டிகள் எதிர்ப்படாதவாறு, வளையத்திற் கோத்த வில்லை ஒன்றைச் சாரதிக்குக் கொடுக்கும் முறை நெடுங்காலம் வழங்கியது. அவ்வில்லையைக் கையிற் பெற்றவரே அடுத்த நிலையம்வரை செல்லலாம். அங்கு அதனைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த பகுதிக்கு வேறு வில்லை. ஒருமுறை எண்ணும் அத்தகையதே. கையில் வைத்திருப்பவரையே அது உரியவராகக் கருதும். சாரதி தன் வில்லையை வழியில் நின்ற அந்நியனுக்குக் கொடுத்தால் நேருவது எதுவோ, அவ்வெண்ணைத் தொலைபேசியிற் கேட்டவனுக்குச் சொன்னாலும் நேருவது அதுவே.

“உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, இப்போது வந்த எண்ணைச் சொல்லுங்கள்” என ஒரு குரல் இனிமையாகப் பேசும். எண்ணை எவர்க்கும் கூறலாகாது என்ற எச்சரிக்கை அக்குறுஞ்செய்தியிலேயே உண்டு. ஆனால் பலவேளைகளில் அஃது ஆங்கிலத்தில் இருக்கும். தாய் அதனைப் படிக்க மாட்டார். படிக்கத் தெரிந்தவரிடம் கைபேசியைக் கொடுப்பார். அல்லது குரலை நம்புவார். பல மாதங்கள் கொழுந்து பறித்தும், மகள் இரவுபகலாகத் தைத்தும் சேர்த்த பணம் சில நிமிடங்களில் நீங்கிவிடும். 39 இலக்கத் தொகையுள்ள திறவுகோல்கள் அவ்வேளையில் எப்பயனும் தாரா.

அடையாள அட்டையின் படம் பற்றியும் ஈண்டுக் கூறல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் வழிவந்தோர் நம் தோட்டத்து மக்கள். எஞ்சியோர்க்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே இயற்றப்பட்டது. அவ்வளவு காலம் காத்திருந்து பெற்ற அட்டையின் இருபுறப் படத்தையும் வேலை பெற்றுத் தருவதாகக் கூறும் அறியாதவருக்கு அனுப்புதல் தகுமா? அதனைக் கொண்டு பிறர் பெயரிற் சிம் அட்டை பெறவும் கணக்குத் தொடங்கவும் முயல்வோர் உளர். அனுப்பியே தீரவேண்டுமெனின், எக்காரியத்துக்கு, எந்நாளில், யாருக்குக் கொடுத்தது என்பதைப் படத்தின் குறுக்கே எழுதி அனுப்புதல் நன்று.

சட்டத்தின் துணையும் உண்டு. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றித் தரவைக் கவர்தலைக் குற்றமாக்கியது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறர் தரவைக் கையாளும் நிறுவனங்களின் கடமைகளை வகுத்தது. ஆயினும் சட்டம் பெரும்பாலும் இழப்பின் பின்னரே வருவது. முன்னே வரவேண்டியது அறிவு.

மாணவர் செய்யத்தக்கன

நம் கல்லூரி மாணவர் பலர் தம் இல்லங்களில் முதன்முதல் ஆங்கிலம் படிப்போராவர். அவர்கள் செய்யக்கூடியவை சில உள. வீட்டிலுள்ளோரின் கைபேசிக்கு ஆறு இலக்கமேனும் கொண்ட, பிறந்த நாளல்லாத எண் ஒன்றை இடுவித்தல் முதலாவது. திருத்தங்களை ஏற்றுவித்தல் இரண்டாவது. பணமும் அடையாளமும் பற்றிய செய்திகளைச் சாதாரணக் குறுஞ்செய்தியில் அனுப்பாது முனைக்கு முனை காவலுள்ள செயலியில் அனுப்பப் பழக்குதல் மூன்றாவது. பழுதுபார்க்கக் கொடுக்குமுன் வங்கிச் செயலிகளை நீக்குவித்தல் நான்காவது. “எண்ணைக் கேட்பவர் எவராயினும் கள்வர்” என்னும் ஒரே வாக்கியத்தைத் தாய்மொழியிற் சொல்லி, பாட்டனும் பாட்டியும் திருப்பிச் சொல்லும்வரை கேட்டல் ஐந்தாவது. ஐந்தனுள் இறுதியதே தலையாயது.

மாணவர் தம் பெற்றோர்க்காகக் கைபேசியைத் தாமே இயக்கிக் கொடுப்பதோடு அமைந்துவிடலாகாது. அவ்வாறாயின் அவர் அன்றைய கணக்கப்பிள்ளையின் இடத்தையே பெறுவர். பிள்ளை ஊரில் இல்லாத நாளிற் பெற்றோர் வேறொருவரை நாடுவர். இயக்கிக் கொடுத்தல் உதவி. இயக்கக் கற்பித்தலே காவல்.

தோட்டப் பாடசாலைகள் பெருகிப் பிள்ளைகள் எழுத்தறிந்தபோது, வீட்டுக் கடிதத்தைப் பிறர் படிக்கும் நிலை சிறிது சிறிதாக நீங்கிற்று. அதனைச் செய்தது ஒட்டிய உறையன்று, கல்வியே. இன்று செய்தி காற்றில் ஏறிச் செல்கின்றது. கணிதவல்லார் அதற்கு உடையாத பூட்டை அளித்துவிட்டனர். திறவுகோலைக் கையிற் பற்றிக்கொள்ளும் அறிவை ஒவ்வொரு லயத்துக்கும் கொண்டு சேர்ப்பது கற்றோராகிய நம் கடனாகும்.